உரியது அன்று

அத்தியாயம் 5

மருத்துவமனையின் இரண்டாவது மாடித் தாழ்வாரத்தில் நாற்காலிகளை நான்கு நான்காக ஒரே இரும்புச் சட்டத்தில் பிணைத்திருந்தார்கள். ஒருவர் அசைந்தால் மற்ற மூவரும் ஆட வேண்டும். வாய்தா உட்கார்ந்ததும் மற்ற மூவரும் எழுந்தே போய்விட்டார்கள்.

வாய்தா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வக்கீல் குமாஸ்தாவாகப் பதினெட்டு வருடம் இருந்து, கையில் எடுத்த எந்த வழக்கையும் முடிய விடாமல் பார்த்துக்கொண்டதற்காக நீதிமன்ற வளாகமே கூடிக் கொடுத்த பட்டம். ஆள் கொஞ்சம் கனம். வாய் அதைவிடக் கனம்.

அவனுடைய முதலாளியம்மாவுக்கும் பட்டப்பெயர்தான். ஒற்று மேடம். இருபத்திரண்டு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். ஒரு 'க்' விட்டுப்போனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அச்சகத்தை மூடியதும் துப்பறியும் தொழிலுக்கு வந்தார். பட்டத்தை மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை. ஒற்று என்றால் வேவு என்றும் அகராதி சொல்கிறது.

அவர்களைக் கூப்பிட்டு அனுப்பிய பெண் எதிரே நின்றுகொண்டிருந்தார். பள்ளி வேன் ஓட்டுபவர். சாவிக்கொத்தை இன்னும் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். உள்ளே படுக்கையில் இருப்பது அவருடைய கணவர். பதிவு அலுவலகத்தில் பதிவறை எழுத்தர். முப்பது வருடத்துக் கோப்பு எண்களைத் தலைக்குள் வைத்திருந்ததால் அலுவலகத்தில் அவருக்குப் 'பீரோ' என்று பெயர்.

"காலையில காபியைக் கையில கொடுத்தேன் மேடம். என்னைப் பார்த்து, 'நீங்க எந்த செக்‌ஷன்?'னு கேட்டார். விளையாடறார்னு நினைச்சேன். அப்படியே வலிப்பு வந்து விழுந்துட்டார்."

டாக்டர் வெளியே வந்தார். தூக்கம் பற்றாத முகம்.

"ரத்தத்துல உப்பு ரொம்ப இறங்கியிருக்கு. ஏன்னு தெரியல. வேகமா ஏத்தினா மூளைக்கு ஆபத்து. மெதுவா ஏத்தினா மறுபடியும் வலிப்பு. எதனால இறங்குச்சு, எத்தனை நாளா இறங்குதுன்னு தெரிஞ்சாத்தான் அளந்து ஏத்த முடியும். ரத்தப் பரிசோதனையில எல்லாம் வர நாளைக்கு ஆயிடும். எனக்கு ரெண்டு மணிக்குள்ள வேணும்."

மணி பத்தரை.

வேன்காரம்மா கைப்பையிலிருந்து கட்டைவிரல் உயர ஊசி மருந்துக் குப்பி ஒன்றை எடுத்தார். காலி. "அவர் சாப்பாட்டுப் பையில இருந்துச்சு. தெரியாம டப்பாவோட சேர்த்துக் கழுவிட்டேன். லேபிள் கரைஞ்சு போச்சு." கொஞ்சம் தயங்கினார். "நாலு மாசமா அவருக்கு மறதி மேடம். என்கிட்ட மறைச்சார். உள்ளங்கையில எழுதி வச்சுக்கிட்டுப் போவார். பீரோன்னு பேர் வாங்கிட்டு, மறந்துபோச்சுன்னு யார்கிட்ட சொல்லுவார்? எனக்கு யாரையும் ஜெயில்ல போட வேண்டாம். அவருக்கு என்னை அடையாளம் தெரியணும். அவ்வளவுதான்."

ஒற்று மேடம் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். லேபிளின் கடைசி மூலை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரே ஒரு சொல். 'அன்று'. பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி.

"அன்றுன்னா என்னைக்கு மேடம்?" என்றான் வாய்தா.

"அதைத்தான் கண்டுபிடிக்கணும். ஏதோ ஒரு நாளைச் சொல்லி, அன்னிக்குப் போடுங்கன்னு எழுதியிருக்காங்க. எந்த நாள்னு தெரிஞ்சா எத்தனை ஊசின்னு தெரிஞ்சுடும்."

இந்த வாக்கியத்தைச் சொன்னதற்காகத் தன்னையே திட்டிக்கொள்ளப் போகிறோம் என்று அவருக்கு அப்போது தெரியாது.

பதிவு அலுவலகத்தின் வாசலில் காவலாளி ஒரு நோட்டை நீட்டினார். பெயர், முகவரி, வந்த காரணம். துப்பறிய வந்திருக்கிறோம் என்று எழுதினால் மறுநாள் வரை வெளியிலேயே நிற்க வேண்டியதுதான். வாய்தா தொண்டையைச் செருமிக்கொண்டு, உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னான்.

"ஒரு ஆய்வுக்கு வந்திருக்கோம்."

அவ்வளவுதான் சொன்னான்.

முதலில் தட்டச்சர் எழுந்தார். நேராக ஸ்டோர் அறைக்குள் போனார். அவர் பின்னால் இரண்டு எழுத்தர்கள். அடுத்து வரைவாளர். அவர் மேசையில் இருந்த காகிதங்கள் மின்விசிறிக் காற்றில் பறந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. தபால் பிரிவுப் பெண்மணி கடைசியாகப் போவதாக இருந்தது. கண்காணிப்பாளர் அவரை முந்திக்கொண்டு போனார். பதவி என்றால் சும்மாவா.

ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். எல்லோருக்கும் ஒரு கை வயிற்றில். வந்ததும் ஆளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்கள். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கேள்வி கேட்கப்படுவதற்காகக் காத்திருந்தார்கள்.

"நீ என்ன சொன்னே?" ஒற்று மேடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஆய்வுன்னு சொன்னேன்."

"அந்த ஒரு வார்த்தைக்கு ஆறு பேர் வயித்தைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"என் பேச்சுக்கு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சவங்க உண்டு மேடம். சிரிக்காமப் பிடிச்சுக்கிட்டது இதுதான் முதல் தடவை."

கண்காணிப்பாளர் சட்டையை உள்ளே சொருகியபடி வந்தார். "வணக்கம் மேடம். எந்தக் கோப்பு வேணும், கேளுங்க. கணினியே வேண்டாம். எல்லாம் இங்க இருக்கு." நெற்றியைத் தட்டிக் காட்டினார். "நாலாயிரத்து இருநூத்துப் பதினேழு. எல்லை மாற்ற வழக்கு. நூத்துப் பன்னிரண்டு பக்கம். நாலு வரைபடம்."

"அருமை. அந்தக் கோப்பைக் கொண்டு வாங்க."

"அதைக் காணோம் மேடம்."

"சரி. ஸ்டோர் ரெஜிஸ்டரைக் கொண்டு வாங்க."

கண்காணிப்பாளரின் கை மறுபடியும் வயிற்றுக்குப் போனது.

ஸ்டோர்காரர் மெலிந்த மனிதர். வாசிப்புக் கண்ணாடி, அழகான கையெழுத்து. ரெஜிஸ்டரைத் தாங்கிக்கொண்டு வந்து வைத்தார். ஒற்று மேடத்தின் விரல் வரி வரியாக இறங்கி ஓர் இடத்தில் நின்றது.

"குண்டூசி, ரெண்டு பெட்டி. அதுக்குக் கீழே, ஊசி, ஆறு பெட்டி. குண்டு எங்கே போச்சு?"

"மேடம், ஆபீஸ் நடுவுல நின்னுக்கிட்டு குண்டு எங்கேன்னு கேக்காதீங்க," என்றான் வாய்தா. "மறுபடியும் எல்லாரும் ஓடுவாங்க. இந்தத் தடவை வெளியே."

"அவசரத்துல விட்டுப்போச்சு மேடம்," என்றார் ஸ்டோர்காரர். "குண்டூசின்னுதான் எழுத நினைச்சேன்."

"நீங்க விடறவர் இல்ல. 'காகிதப் பை'யில 'ப்' இருக்கு. 'கோப்புக் கயிறு'ல 'க்' இருக்கு. இருபது பக்கம் பார்த்துட்டேன், ஒரு ஒற்று குறையல. உங்க கையெழுத்தைப் பார்த்தா எனக்கே கும்பிடணும்போல இருக்கு. நீங்க ஊசின்னு எழுதினா அது ஊசிதான்."

ஸ்டோர்காரர் ரெஜிஸ்டரை மெதுவாக மூடினார். பாராட்டும் மாட்டிக்கொண்டதும் ஒரே நேரத்தில் வந்தால் யாருக்கும் வார்த்தை வராது.

"பீரோ ஆஸ்பத்திரியில இருக்கார்," என்றார் ஒற்று மேடம். "காலையில வலிப்பு வந்துடுச்சு. விழறதுக்கு முன்னாடி, கட்டின மனைவியைப் பார்த்து எந்த செக்‌ஷன்னு கேட்டிருக்கார்."

ஸ்டோர்காரர் கண்ணாடியைக் கழற்றினார். திரும்பி ஸ்டோர் அறைக்குள் போனார். இருவரும் பின்தொடர்ந்தார்கள்.

ஸ்டோர் அறையின் மூலையில் ஒரு சின்னக் குளிர்சாதனப் பெட்டி. தேநீருக்கான பால் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே வரிசையாகக் குப்பிகள். லேபிள் முழுசாக இருந்தது. 'நினைவுத்திறன் பெப்டைடு, கலவை 9' என்று மேலே. கீழே இரண்டு வரி.

'ஆய்வுக்கு மட்டும் உரியது. மனிதப் பயன்பாட்டிற்கு உரியது அன்று.'

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"ஆய்வு வருதுன்னா கோப்புக் கயிறு, அட்டை, புது மைப்பெட்டின்னு நிறைய வாங்கணும் மேடம். 'ஆய்வுப் பொருட்கள்'னு தேடினேன். ஒரு கம்பெனி பட்டியல் அனுப்பினாங்க. அதுல இது இருந்துச்சு. ஞாபக சக்தி ஊசி. ஆய்வுக்குன்னே தயாரிச்சிருக்காங்களேன்னு எனக்கே ஆச்சரியம்."

வாசலில் வந்து நின்ற கண்காணிப்பாளர் குறுக்கே பேசினார். "நாங்க விதியை மீறவே இல்லை மேடம். லேபிளைப் படிங்க. ஆய்வுக்கு மட்டும் உரியது. சரியா? மனிதப் பயன்பாட்டிற்கு உரியது, அன்று. அதாவது ஆய்வு அன்னிக்கு. மத்த நாள்ல ஒருத்தர் ஒரு சொட்டு தொட்டதில்லை. தொட்டிருந்தா நானே விளக்கம் கேட்டிருப்பேன்."

ஒற்று மேடம் கண்ணை மூடித் திறந்தார். காலையில் அவரும் அந்தச் சொல்லை நாள் என்றுதான் படித்திருந்தார்.

"சார், இந்த ஆய்வு நீங்க நினைக்கற ஆய்வு இல்ல. இன்ஸ்பெக்‌ஷன் இல்ல. ஆராய்ச்சி. எலிக்குப் போட்டுப் பார்க்கறது. அன்றுன்னா அந்த நாள்னு அர்த்தம் இல்ல. இங்க அதுக்கு 'இல்லை'ன்னு அர்த்தம். மனுஷங்க போட்டுக்கற மருந்து இது இல்லைன்னு எழுதியிருக்கு."

வெளியே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த யாரோ டம்ளரை மெதுவாகக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"இப்பத்தான் போட்டுக்கிட்டேன்," என்றார் கண்காணிப்பாளர்.

"ஆய்வு அன்னிக்கு எங்களை யாரு மனுஷனா மதிக்கறாங்க," என்றார் பின்னால் இருந்த தட்டச்சர். அவர் அதை வேடிக்கைக்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

"உங்களுக்கெல்லாம் எத்தனை ஊசி ஆச்சு?" என்று ஒற்று மேடம் கேட்டார்.

"மாசத்துக்கு ஒண்ணு. மாசாந்திர ஆய்வு அன்னிக்கு மட்டும். லேசா தலைவலி வரும். மூளை வேலை செய்யுதுன்னு நினைச்சோம்."

"அப்ப பீரோவுக்கு மட்டும் ஏன் இப்படி ஆச்சு?"

ஒற்று மேடம் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். மாசாந்திர ஆய்வுக்கு ஒரு தேதி. அதற்குக் கீழே தனிக் காகிதம். 'காணாமல் போன கோப்பு தொடர்பாகப் பதிவறையில் சிறப்பு ஆய்வு.' தொடங்கிய தேதி இருந்தது. முடியும் தேதி இல்லை.

"இது எத்தனை நாளா நடக்குது?"

"நேத்தோட பதினோரு நாள் மேடம்."

"பதினோரு நாள் ஆய்வு. அப்ப பதினோரு ஊசி."

ஸ்டோர்காரர் தலையசைத்தார். "கடைசி ஊசி நேத்துக் காலையில. முதல் மூணு நாள் எவ்வளவு நல்லா இருந்தார் தெரியுமா மேடம்? பழையபடி கணீர்னு எண் சொன்னார். சிரிச்சார். அவர் சிரிச்சு நான் பார்த்து ரொம்ப நாள் ஆச்சு. அதான் நான் தடுக்கல. மூளை சூடாகிடக் கூடாதுன்னு தினமும் மூணு லிட்டர் தண்ணி குடிக்கச் சொன்னேன்."

வாய்தா இதற்குள் குனிந்து குளிர்சாதனப் பெட்டியின் அடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டியின் ஒரு கால் குட்டை. ஆடாமல் இருக்கத் தடிமனாக ஒன்றை மடித்துக் கொடுத்திருந்தார்கள்.

"காணாமப் போன கோப்பு எண் என்ன சொன்னீங்க?"

"நாலாயிரத்து இருநூத்துப் பதினேழு," என்றார்கள் ஆறு பேரும் ஒரே குரலில்.

"நூத்துப் பன்னிரண்டு பக்கமா?"

"நாலு வரைபடம்," என்றார் வரைவாளர்.

"பெட்டி ஆடாம நிக்கறதே அதனாலதான்," என்றான் வாய்தா. அதை எடுத்துக் கண்காணிப்பாளர் கையில் கொடுத்தான். எண் எல்லோருக்கும் மனப்பாடம். இடம்தான் ஒருவருக்கும் தெரியவில்லை. இதற்காக ஒரு மனிதர் பதினோரு நாள் தன் வயிற்றில் குத்திக்கொண்டிருக்கிறார். ஒற்று மேடத்துக்குக் கோபம் வந்தது. நேரம் இல்லாததால் விழுங்கிக்கொண்டார்.

அட்டைப்பெட்டியில் கம்பெனியின் தொலைபேசி எண் இருந்தது. அழைத்தார். வாய்தாவுக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார். எதிர்முனையில் விற்பனை மேலாளர், தேன் தடவிய குரல்.

"நாங்க ஆராய்ச்சிக் கூடங்களுக்கு மட்டும்தான் கொடுக்கறோம் மேடம்."

"பதிவு அலுவலகத்துக்குக் கொடுத்திருக்கீங்க."

"ஆர்டர்ல 'ஆய்வுக்காக'ன்னு எழுதியிருந்துச்சு."

"இந்த ஊசியைப் போட்ட ஒருத்தர் ஆஸ்பத்திரியில கிடக்கார். கலவை ஒன்பதுல என்ன இருக்குன்னு இப்பவே சொல்லணும். இல்லேன்னா ரெண்டு மணிக்கு மேல நான் பேச மாட்டேன். போலீஸ் பேசும்."

காகிதம் புரளும் சத்தம். தேன் வடிந்துவிட்ட குரலில் பதில் வந்தது. உடம்பில் தண்ணீரைத் தேக்கி வைக்கச் சொல்லும் ஒரு ஹார்மோன். அதைக் கொஞ்சம் மாற்றிச் செய்தது. எலிகளுக்கு ஞாபகம் கூடுகிறதா என்று பார்ப்பதற்காக. ஒற்று மேடம் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். எழுதியதையும், பீரோவின் ஊசி, தண்ணீர்க் கணக்கையும் வாய்தா தன் தொலைபேசியில் டாக்டருக்குச் சொன்னான். டாக்டர் குறித்துக்கொண்டார். "பதினோரு ஊசி, மூணு லிட்டர் தண்ணி. போதும், புரிஞ்சுபோச்சு," என்றார். "அங்க இன்னிக்குப் போட்டவங்க யாரும் இனிமே தண்ணி குடிக்க வேண்டாம். எல்லாரையும் உடனே இங்க அனுப்புங்க."

ஆறு பேரும் கிளம்பினார்கள். விடுப்பு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

"எத்தனை குப்பி வெளியே போயிருக்கு?" ஒற்று மேடம் தொலைபேசியை விடவில்லை.

"ரெண்டாயிரம் இருக்கும். ஆனா மேடம், எங்க மேல தப்பு சொல்லாதீங்க. எச்சரிக்கை சுத்தமா போட்டிருக்கோம். சொல்லப்போனா, முதல்ல 'உரியது அல்ல'ன்னுதான் இருந்துச்சு. அச்சகத்துல ஒரு அம்மா சிவப்பு மையில அடிச்சு, 'அன்று'ன்னு திருத்திக் கொடுத்தாங்க. ஒருமைக்கு அன்று, பன்மைக்கு அல்ல. ஓரத்துல ஒரு குறிப்பு வேற. 'எச்சரிக்கையிலாவது இலக்கணம் இருக்கட்டும்.' அந்தத் தாளை இன்னும் சுவத்துல ஒட்டி வச்சிருக்கோம்."

வாய்தா நிமிர்ந்து பார்த்தான். அந்த வாக்கியத்தை அவன் நூறு தடவை கேட்டிருக்கிறான். அவன் எழுதும் செலவுச் சீட்டில், அறிக்கையில், கடை விளம்பரத்தில், 'லாவது இலக்கணம் இருக்கட்டும்' என்று முடியும் சிவப்பு மைக் குறிப்பு. உலகத்தில் ஒரே ஒருவர்தான் அப்படி எழுதுவார்.

ஒற்று மேடத்தின் முகம் வெளுத்திருந்தது. "அந்த ரெண்டாயிரமும் யார் யாருக்குப் போச்சுன்னு பட்டியல் அனுப்புங்க," என்று மட்டும் சொன்னார். தொலைபேசியை வைத்ததும் ஒரு குப்பியை எடுத்து லேபிளை இன்னொரு முறை படித்தார்.

வாய்தாவுக்குச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. அவனுக்கே அது புதிது.

ஒன்றரை மணிக்கு அவர்கள் திரும்பியபோது டாக்டர் காத்திருந்தார். "மூளைக்குன்னு போட்டது கிட்னிகிட்ட போய், தண்ணியை விடாதே, விடாதேன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. அவரும் லிட்டர் லிட்டரா குடிச்சிருக்கார். இப்ப அளவு தெரியும். மெதுவா ஏத்தறேன்."

"நிஜமாவே அதுல ஞாபகம் கூடுமா டாக்டர்?" என்று வாய்தா கேட்டான். "எனக்கில்ல. ஒரு நண்பருக்கு."

"இந்த மாதிரி சங்கதிகள்ல சிலருக்குக் கொஞ்சம் உதவின மாதிரி தெரிஞ்சது உண்டு. பலருக்கு ஒண்ணும் ஆகல. நாளைக்கு ஏதாவது ஒண்ணு நிஜமாவே உதவலாம். எனக்கும் அந்த ஆசை இருக்கு, எத்தனையோ பேரைத் தினமும் பார்க்கறேன். அதுக்குத்தான் ஆராய்ச்சி. ஆனா இவருக்கு மறதி ஏன் வந்துச்சுன்னு யாராவது ஒரு பரிசோதனை செஞ்சாங்களா? தைராய்டா, தூக்கமில்லாமையா, கவலையா?"

யாரும் செய்யவில்லை.

ஐந்து மணிக்கு வேன்காரம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். இருவரும் பயந்தே போனார்கள்.

"வேனை யார் எடுத்துட்டுப் போனா, பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குமேன்னு கேட்டார்," என்றார். "என் தலையில பூ வைக்கலையான்னு கேட்டிருந்தாக்கூட இவ்வளவு சந்தோஷமா இருந்திருக்காது."

முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அதுவரை கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"படிச்சுப் பார்த்துத்தான் போட்டுக்கிட்டேன்னு சொல்றார் மேடம். எதையும் படிக்காமச் செய்யற ஆள் இல்ல அவர். படிச்சவருக்கே புரியாத மாதிரி அதை எழுதினது யாரு?"

"அது வந்தும்மா," வாய்தா அவசரமாக முன்னால் வந்தான். "விசாரணை நடந்துக்கிட்டு இருக்கு. ஒரு ரெண்டு வாரம் போகட்டும்..."

"நான்தான்," என்றார் ஒற்று மேடம்.

வேன்காரம்மாவுக்குப் புரியவில்லை.

"முன்னாடி நான் அச்சகத்துல இருந்தேன். அந்த லேபிள் என் மேசைக்கு வந்துச்சு. எல்லாருக்கும் புரியற மாதிரி ஒரு வார்த்தை இருந்துச்சு. இலக்கணப்படி தப்புன்னு அடிச்சுட்டு, சரியானதைப் போட்டேன். இன்னிக்குக் காலையில அந்த வார்த்தையைத் தனியாப் பார்த்தப்ப நானே தப்பாத்தான் படிச்சேன். உங்க வீட்டுக்காரர் மேல தப்பில்ல. என்னை மன்னிக்கணும்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல."

வேன்காரம்மா அவரைப் பார்த்தார். கோபத்தில் பார்க்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் பார்ப்பதுபோல் இருந்தது.

"'இதைப் போட்டுக்காதீங்க'ன்னு எழுதினா, அதுல என்ன தப்பு மேடம்?"

ஒற்று மேடம் அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஒரு முறை படித்துப் பார்த்தார். இன்னொரு முறையும் படித்தார்.

"ஒரு தப்பும் இல்லம்மா," என்றார்.